நம்பர் மாறிய கதை

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் நான் என் டெலிபோன் நம்பரை மாற்றிக்கொண்டேன். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். சட்டை மாற்றுவதுபோல் ஜனங்கள் நம்பர் மாற்றுகிற காலம் இது. நானும் அப்படித்தான் நினைத்தேன். காரியம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதனால் வந்த வினை தீர ஐந்து மாதம் பிடித்தது.

பன்னிரண்டு வருஷம் என்னோடு இருந்த நம்பர் அது. கடைசி இரண்டு வருஷமாகக் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று வேளாவேளைக்கு விசாரிப்பார்கள். பெற்ற தாய்கூட என்னை அவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. பழைய நம்பரைத் தலைமுழுகிவிட்டால் இந்தத் தொல்லையும் போய்விடும் என்று ஒரு புது நம்பர் வாங்கினேன்.

வாங்கினால் மட்டும் போதாது. வாட்ஸ்அப்புக்கும் அதைச் சொல்ல வேண்டும். அந்தச் செயலியில் நம்முடைய நம்பர்தான் நம்முடைய பெயர், விலாசம் எல்லாம். அதில் கணக்குப் பகுதிக்குப் போனால், எண்ணை மாற்றுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. மேலே பழைய நம்பர், கீழே புது நம்பர். புது நம்பருக்கு வருகிற குறியீட்டைப் போட்டால், கணக்கும் குழுக்களும் அப்படியே புது நம்பருக்குக் குடிபெயர்ந்துவிடும். அதே போனை வைத்திருந்தால் பழைய பேச்சுக்களும் போகாது. இதுவரையில் எல்லாம் சுலபம். நடுவில் அது ஒரு கேள்வி கேட்டது. “நம்பர் மாறியதை யாருக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும்? எல்லோருக்குமா, உன்னோடு பேச்சு நடத்தியிருப்பவர்களுக்கு மட்டுமா, அல்லது நீயே பொறுக்கி எடுக்கிற சிலருக்கா?”

இவ்வளவு பச்சையாக இந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் தயங்கினேன். பிறகு, பேச்சு நடத்தியிருப்பவர்களுக்கு மட்டும் என்று தொட்டுவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விட்டேன். அந்த இடத்தில்தான் தப்புச் செய்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால், இந்த நம்பர் என்ற வஸ்து மனிதனுடைய தலையில் எப்படி வந்து ஏறியது என்று பார்த்துவிடலாம். அந்தச் சரித்திரம் தெரிந்தால்தான் என் தப்பின் அளவும் தெரியும்.

கிரஹாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றது 1876-ல். இரண்டே வருஷத்தில், 1878 ஜனவரியில், அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்து நியூ ஹேவன் நகரில் முதல் வியாபார டெலிபோன் நிலையம் திறந்தார்கள். அப்போது 21 சந்தாதாரர்கள். அடுத்த மாதம் அவர்கள் அச்சிட்ட டெலிபோன் டைரக்டரி ஒரே ஒரு தாள். அதில் 50 பெயர்கள். கவனியுங்கள், பெயர்கள்தான், நம்பர் கிடையாது. டெலிபோனை எடுத்து, “இன்ன டாக்டர் வீட்டைக் கொடுங்கள்” என்றால், ஆபரேட்டர் கொடுப்பார். எந்தப் பெயருக்கு எந்தத் துளை என்பது அவருக்கு மனப்பாடம். நம் ஊர்த் தபால்காரர் கதவிலக்கம் பார்க்காமல் கடிதம் கொடுத்த மாதிரி.

இந்த ஏற்பாட்டை உடைத்தது ஒரு டாக்டரின் கவலை. 1879-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்து லோவல் நகரில் மணல்வாரி அம்மை பரவியது. அந்த ஊர் டெலிபோன் நிலையத்தில் நான்கு ஆபரேட்டர்கள். சந்தாதாரர்களோ 200 பேருக்கு மேல். மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற டாக்டர் யோசித்தார்: இந்த நான்கு பேரும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால் புதிதாக வருகிறவனுக்கு இருநூறு பெயரும் இருநூறு துளையும் எப்படித் தெரியும்? ஊரில் நோய் பரவுகிற சமயத்திலா டாக்டரைக் கூப்பிட முடியாமல் போவது? ஆகவே, ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்துவிடுங்கள் என்றார். ஒரு மனிதனை நம்பர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு, ஜனங்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று அங்கிருந்த மானேஜர் பயந்தாராம். பயம் நியாயமானதுதான். அதுவரை உலகத்தில் மனிதனுக்கு நம்பர் கொடுத்த இடங்கள் சிறைச்சாலையும் பட்டாளமும் அல்லவா? ஆனால் லோவல் ஜனங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. நம்பர் நிலைத்துவிட்டது.

இரண்டாவது படியை ஏறியவர் பிணத்தை அடக்கம் செய்கிற தொழில் நடத்திய ஒருவர். ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று பெயர், கான்ஸாஸ் நகரவாசி. அவருக்குப் போட்டியாக அதே தொழில் நடத்தியவரின் மனைவி டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாளாம். துக்க வீட்டார் ஸ்ட்ரோஜரைக் கேட்டால், அவள் தன் புருஷனுக்கு இணைப்புக் கொடுத்துவிடுவாளாம். இது எவ்வளவு தூரம் உண்மையோ, கதை நிலைத்துவிட்டது. உண்மையில் நடந்தது இது: ஆபரேட்டரே இல்லாமல் இணைப்புக் கொடுக்கிற ஒரு யந்திரத்துக்கு ஸ்ட்ரோஜர் 1891-ல் காப்புரிமை பெற்றார், 1892 நவம்பரில் இண்டியானா மாகாணத்து லா போர்ட் ஊரில் அந்த யந்திரம் வேலை செய்ய ஆரம்பித்தது.

இந்த இரண்டு பேரும் செய்ததைச் சேர்த்துப் பாருங்கள். பார்க்கர், நடுவில் இருக்கிறவனுக்கு நம்மைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியத்தைப் போக்கினார். ஸ்ட்ரோஜர், நடுவில் ஆளே இருக்க வேண்டிய அவசியத்தைப் போக்கினார். தெரிந்த மனிதன் ஒருவனும் இல்லாமலே ஒருவரோடு ஒருவர் பேசலாம். நம்பர் என்பதன் அர்த்தமே அதுதான். அது பெரிய சௌகரியம், பெரிய சுதந்தரம். ஆனால் நம்பர் தப்பாகிவிட்டால் திருத்திச் சொல்லவும் நடுவில் ஆள் இல்லை. இந்தப் பின்குறிப்பை அன்றைக்கு யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

நம்பரோடு மனிதன் உறவு கொண்டாடத் தொடங்கியது பிறகு நடந்த வேடிக்கை. அமெரிக்க நகரங்களில் நெடுங்காலம் நம்பருக்கு முன்னால் பேட்டையின் டெலிபோன் நிலையப் பெயர் ஒன்று இருந்தது. பெயரின் முதல் எழுத்துக்களைச் சுழற்றிவிட்டு எண்களைச் சுழற்ற வேண்டும். நியூயார்க்கில் பட்டர்ஃபீல்டு என்று ஆரம்பித்தால், ஆசாமி எந்தப் பேட்டையில் இருக்கிறார் என்பது சொல்லாமலே விளங்கும். ஜான் ஓஹாரா 1935-ல் எழுதிய ஒரு நாவலுக்கு ‘பட்டர்ஃபீல்டு 8’ என்றே பெயர் வைத்தார். பிற்பாடு கம்பெனிக்காரர்கள், பெயர்கள் போதவில்லை, எல்லாம் எண்ணாகவே இருக்கட்டும் என்றார்கள். அப்போதுதான் ஜனங்களுக்குக் கோபம் வந்தது. 1962-ல் சான் பிரான்சிஸ்கோவில் எண் எதிர்ப்புச் சங்கம் ஒன்றே தோன்றியது. மொழியறிஞரான எஸ். ஐ. ஹயகாவா போன்ற பெரிய மனிதர்கள் அதில் சேர்ந்தார்கள். லோவல் நகர மானேஜர் பயந்தது 83 வருஷம் கழித்துப் பலித்தது என்று சொல்லலாம். ஆனாலும் எண்களே ஜெயித்தன. பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

நம் நாட்டுக்கு டெலிபோன் நிலையம் வந்தது 1882 ஜனவரியில். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும். ஆபரேட்டர் உதவியின்றி வெளியூருக்கு நேரே சுழற்றிப் பேசும் வசதி 1960 நவம்பரில் கான்பூருக்கும் லட்சுமணபுரிக்கும் இடையில் முதலில் ஏற்பட்டது. ஆனால் சாமானிய மனிதனுக்கு நம்பர் என்ற ஒன்று கிடைக்க இன்னும் பல வருஷம் பிடித்தது. மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை. எதிர் வீட்டு வக்கீல் வீட்டில்தான் இருந்தது. அப்பா தம்முடைய கடிதங்களில் அந்த நம்பரை எழுதி, பக்கத்தில் ‘பி.பி.’ என்று போடுவார். இந்த இரண்டெழுத்தின் மகிமை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ‘இது என் நம்பர் அல்ல, ஆனால் இந்த வீட்டார் என்னைக் கூப்பிடுவார்கள்’ என்று அதற்குப் பொருள். போன் வந்தால் வக்கீல் வீட்டு அம்மாள் திண்ணையிலிருந்து குரல் கொடுப்பாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். பாட்டி இறந்துபோன செய்தியை அந்த அம்மாள்தான் முதலில் கேட்டாள். அதைச் சொல்ல மனம் வராமல், “ஊரிலிருந்து போன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்பா பேசி முடிக்கிறவரை வாசலிலேயே நின்றாள். அவள் செய்தது 1878-ன் ஆபரேட்டர் வேலை. சம்பளம் மட்டும் கிடையாது.

1995 ஜூலை 31-ல் நம் நாட்டில் முதல் கைப்பேசிப் பேச்சு நடந்தது. மேற்கு வங்க முதன்மந்திரி ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமைக் கூப்பிட்டார். அன்று முதல் நம்பர் வீட்டை விட்டு மனிதனுடைய சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒன்று என்பது போய், ஓர் ஆளுக்கு ஒன்று. பிறகு அதையும் விட்டுப் பிரிய மனமில்லாமல் போயிற்று. கம்பெனியை மாற்றினாலும் நம்பரை மாற்ற வேண்டாம் என்ற வசதி சிங்கப்பூரில் 1997-ல் ஆரம்பித்தது. இந்தியா முழுவதற்கும் 2011 ஜனவரி 20-ல் வந்தது. ஒரு தேசம் சட்டதிட்டம் வகுத்துக் காப்பாற்றுகிற அளவுக்கு, நம்பர் நம்முடைய சொத்தாகிவிட்டது.

அந்தச் சொத்தின் மேல்தான் வாட்ஸ்அப் தன் வீட்டைக் கட்டியது. 2009-ல் அதை ஆரம்பித்த இருவரில் ஒருவர் ஜான் கூம். உக்ரைனில் பிறந்தவர். ஒட்டுக்கேட்பார்களோ என்று வீட்டுப் பெரியவர்கள் டெலிபோனில் பேசவே தயங்குகிற சூழ்நிலையில் வளர்ந்தவர். 1992-ல், பதினாறு வயதில், தாயாரோடு அமெரிக்காவுக்கு வந்தார். தகப்பனார் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் பிரையன் ஆக்டனும் செய்த செயலியில் தனியாகப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, கடவுச்சொல் வேண்டியதில்லை. உன் நம்பரைச் சொல். வருகிற ஆறு இலக்கத்தைப் போடு. உன் போனில் குறித்து வைத்திருக்கிற நம்பர்களில் யார் யார் இங்கே இருக்கிறார்கள் என்று நானே காட்டுகிறேன் என்றது அது. எழுத்துப் படிக்கத் தடுமாறுகிறவர்களும் நம்பர் தெரிந்திருந்தால் உள்ளே வரலாம். 2014-ல் ஃபேஸ்புக் நிறுவனம் 1,900 கோடி டாலருக்கு அதை வாங்கச் சம்மதித்தது. 2020-ல் உபயோகிக்கிறவர்கள் 200 கோடி என்று அறிவித்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம்பர் நம்முடையதே தவிர, நமக்கு மட்டும் சொந்தம் அல்ல. நம் நாட்டில் கைப்பேசி நம்பர் 10 இலக்கம். 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் ஆரம்பிக்க வேண்டும். கணக்குப் போட்டால் மொத்தம் 400 கோடிதான் தேறும். ஆகவே ஒருவர் விட்டது இன்னொருவருக்குப் போகும். விட்ட நம்பரைக் குறைந்தது 90 நாளைக்கு வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-ல் சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. வாட்ஸ்அப்பும் தன் பங்குக்கு, 45 நாள் சும்மா இருந்த நம்பர் வேறொரு போனில் உயிர் பெற்றால் புது ஆள் வந்துவிட்டார் என்று கருதிப் பழைய ஆளின் படத்தையும் விவரங்களையும் எடுத்துவிடுகிறது. வாடகை வீட்டைக் காலி செய்து, வெள்ளையடித்து, அடுத்தவருக்கு விடுகிற மாதிரிதான். பழைய குடியின் பெயருக்கு வருகிற கடிதங்கள் மட்டும் நிற்பதில்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், எங்கள் தாத்தா கட்டிய வீட்டில், என் அத்தை தனியாக இருக்கிறாள். வயது எண்பத்தொன்று. அவளிடம் இருப்பது பொத்தான் வைத்த சின்னப் போன். வாட்ஸ்அப் கிடையாது. எனவே என் செயலி தெரிவித்த இருநூற்றுச் சொச்சம் பேரில் அவள் இல்லை. நான்தான் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ‘நாளைக்குச் சொல்லலாம்’ என்று இருந்தேன். நாளை என்பது எவ்வளவு நீளமான சொல் என்று உங்களுக்குத் தெரியும்.

உண்மையை முழுவதும் சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதத்தில் அந்த வீட்டை விற்பது பற்றி எனக்கும் அவளுக்கும் பேச்சு முற்றிப்போயிருந்தது. விற்க வேண்டும் என்றவன் நான். “என்னைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வித்துக்கோ” என்று அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்ட இரண்டு தடவையும் நான் எடுக்கவில்லை. நம்பரை மாற்றியது கடன் கொடுக்கிற புண்ணியவான்களிடமிருந்து தப்பிக்கத்தான், சத்தியம். ஆனால் மாற்றிய அன்று மனத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்ததே, அது அவர்களால் மட்டும் வந்த லேசு அல்ல.

மார்கழி மாதம் ஒரு நாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். சற்று உற்றுப் பார்த்தேன். தெரியாத நம்பர் அல்ல. என்னுடைய பழைய நம்பர்! பன்னிரண்டு வருஷம் நானாக இருந்த நம்பர் என்னையே கூப்பிட்டது. எடுத்தேன்.

“சார், நீங்க கதை எழுதுறவருங்களா? நான் திருப்பூர்ல இருந்து பேசறேனுங்க. பனியன் கம்பெனியில வேலை. உங்க பழைய நம்பரு இப்ப எங்கிட்ட இருக்குங்க.”

புது நம்பரைப் பார்க்காமல் பழைய நம்பரைக் கூப்பிட்ட ஒரு பத்திரிகை ஆசிரியரிடமிருந்து என் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கிறான்.

“கும்பகோணத்துப் பாட்டி ஒருத்தங்க ஒரு மாசமா எனக்குப் போன் பண்றாங்க சார். ராங் நம்பர்னு சொன்னா, ‘அவன் இருக்கான், கோபத்தில் எடுக்க மாட்டேங்கிறான், நீ சொல்லு’ங்கிறாங்க. வீட்டைப் பத்தி ஏதோ பேசிட்டாங்களாம். உங்க இஷ்டப்படியே செய்யச் சொல்றாங்க. அதைச் சொல்லிடுறேன்னு வாக்குக் கொடுத்துட்டேங்க.”

அன்று இரவே ரயிலேறினேன்.

அத்தை வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை, ஏசவும் இல்லை. “வாடாப்பா” என்றாள். பிறகு கேட்டாள்: “மூணு மாசமா எப்பப் பேசினாலும் ஒரு பொண்ணு எடுத்து, உபயோகத்தில் இல்லை, உபயோகத்தில் இல்லைன்னு சொல்றாளே, யாருடா அவ? வீட்டில் ஆள் வச்சிருக்கியா?”

அது கம்பெனியின் பதிவு செய்த குரல் என்று விளக்கினேன். அவள் நம்பினாளோ என்னவோ. “நான் உபயோகத்தில் இல்லைன்னுதான் சொல்றான்னு நினைச்சேன்” என்றாள். எனக்கு வாயடைத்துப்போயிற்று.

மணல்வாரி அம்மைக்குப் பயந்து ஒரு டாக்டர் நம்பரை உண்டாக்கினார். தெரிந்தவன் இல்லாவிட்டாலும் கூப்பிடுகிறவன் குரல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. அந்த நம்பரை நான் மாற்றியபோது, குரலைக் கொண்டுவந்து சேர்க்க மறுபடியும் ஒரு மனிதன் வேண்டியிருந்தது. முகம் தெரியாத திருப்பூர்ப் பையன் ஒருவன், எங்கள் வக்கீல் வீட்டு அம்மாளின் இடத்தில் நின்று அந்த வேலையைச் செய்தான். செயலி அதனுடைய கேள்வியைச் சரியாகத்தான் கேட்டது. யாருக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்பது யந்திரத்துக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

2024-ல் சிக்னல் என்ற செயலி, நம்பரைக் காட்டாமல் வேறொரு பெயர் வைத்துக்கொண்டு பிறரோடு தொடர்பு கொள்ள வழி செய்திருக்கிறது. நம்பரிலிருந்து மறுபடி பெயருக்கு! நியூ ஹேவனில் ஆரம்பித்த சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டதுபோல் இருக்கிறது. நல்லதுதான். எதை மாற்றினாலும், மாற்றியதைச் சொல்ல வேண்டியவர்கள் பட்டியலை மட்டும் நாமே எழுத வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டிய பெயர்கள் பெரும்பாலும் எந்தச் செயலியிலும் இருப்பதில்லை.

வீட்டை விற்கவில்லை. கூடத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், கரித்துண்டால் பெரிது பெரிதாக என் பழைய நம்பர் எழுதியிருந்தது. அதன் கீழே புது நம்பரை எழுதினேன். பழையதை அழிக்கத் துணியை நனைத்துக்கொண்டு வந்தபோது அத்தை கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“அது இருக்கட்டுமடா. அது அந்தத் திருப்பூர்ப் பிள்ளை நம்பர். பொங்கலுக்கு அவனுக்குப் பேசணும்.”